எந்த டிகிரி? வெப்பநிலை அளவுகோல்களும் அவற்றுக்கிடையே மாற்றும் கணக்கும்

கோடை தொடங்கியதும் தமிழ் நாளிதழ்களில் ‘வெயில் சதமடித்தது’ என்ற தலைப்பு வந்துவிடும். வேலூர், திருத்தணி, ஈரோடு, கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று ஊர்ப்பட்டியல். ஒவ்வொரு ஊருக்கும் நேரே 101, 103, 105 என்று டிகிரி. அந்தச் சதம் பாரன்ஹீட் சதம். வானிலை ஆய்வு மையம் தரும் அறிக்கையில் அதே வெப்பநிலைகள் 38.3, 39.4, 40.6 என்று செல்சியஸில் இருக்கும். நடுவில் யாரோ ஒருவர் மாற்றி எழுதுகிறார். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான்: ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 32-ஐக் கூட்ட வேண்டும். ஆனால் கணக்கு துளியும் பிசகாமல் இருந்தும் வாசகருக்குப் போய்ச் சேரும் செய்தி தவறாகிவிட முடியும்.

ஓர் ஊரில் 41.2 டிகிரி செல்சியஸ் பதிவாகிறது, அது இயல்பைவிட 3.1 டிகிரி அதிகம் என்று அறிக்கை சொல்வதாக வைத்துக்கொள்வோம். முதல் எண் 106 பாரன்ஹீட் ஆகி அச்சேறும். இரண்டாவது எண்ணை மாற்ற மறந்தால் ‘இயல்பைவிட 3 டிகிரி அதிகம்’ என்று அப்படியே நின்றுவிடும். படிப்பவர் 106-இலிருந்து மூன்றைக் கழித்து, அந்த ஊரில் வழக்கமாகவே 103 அடிக்கும் போலிருக்கிறது என்று எண்ணுவார். அங்கே வழக்கமான வெப்பம் 38.1 செல்சியஸ், அதாவது 100.6 பாரன்ஹீட். உண்மையான மிகுதி 5.6 பாரன்ஹீட் டிகிரி. அன்றைய வெயிலின் அசாதாரணம் வாசகர் கண்ணில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துபோகிறது. வயலிலும் கட்டட வேலையிலும் நிற்கிறவர்கள் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய எண் இது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. வித்தியாசத்தை மாற்றும்போது 32-ஐயும் சேர்த்துக் கூட்டிவிடுவது. புவி வெப்பத்தை 1.5 டிகிரி உயர்வுக்குள் நிறுத்த முயல வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தம். அந்த 1.5 செல்சியஸ் பாரன்ஹீட்டில் 2.7. மாற்றித் தரும் செயலியில் 1.5 என்று தட்டினால் 34.7 என்று வரும். செயலியைக் குறை சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைக் கேட்கிறோம் என்று அது எடுத்துக்கொண்டது. நாம் கேட்டதோ இரண்டு வெப்பநிலைகளுக்கு இடையே உள்ள தூரம். 32 என்பது இரு அளவுகோல்களின் தொடக்கப்புள்ளிகள் விலகி நிற்பதால் வரும் எண். தூரத்துக்குத் தொடக்கப்புள்ளி கிடையாது. அதற்கு 9/5 மட்டும் போதும். இந்திய வானிலைத் துறையின் வெப்ப அலை வரையறையில் இரண்டு வகை எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன: சமவெளியில் அதிகபட்ச வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி இருக்க வேண்டும், அது இயல்பைவிட 4.5 முதல் 6.4 டிகிரி கூடியிருக்க வேண்டும். முதலாவது 104 பாரன்ஹீட். இரண்டாவது 8.1 முதல் 11.5 வரை. கடலோரத்துக்கு வரம்பு 37 டிகிரி. கவனித்துப் பார்த்தால், நம் தலைப்புச் செய்திகளின் நூறு பாரன்ஹீட்டுக்கு, அதாவது 37.8 செல்சியஸுக்கு, இந்த வரையறையில் இடமே இல்லை. மூன்று இலக்கமாகி நிற்பதுதான் அந்த எண்ணின் கவர்ச்சி. நூற்றைத் தாண்டிய ஊர்களை எண்ணுவதைவிட, இயல்பிலிருந்து எந்த ஊர் எவ்வளவு விலகியது என்று சொல்வது மக்களுக்குப் பயன்படும். இரண்டையும் ஒரே அலகில் சொல்வது கட்டாயம்.

32 போன்ற இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? கலிலியோ காலத்துக் கருவிகளில் சூடு ஏறுகிறது, இறங்குகிறது என்று பார்க்க முடிந்தது. எவ்வளவு என்று ஒருவர் சொல்லி இன்னொருவர் ஒப்பிட வழியில்லை. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் சாராயம் அடைத்து மூடிய கண்ணாடிக் குழாய்கள் வந்தன. 1701-இல் நியூட்டன் ஆளிவிதை எண்ணெய் வைத்து ஓர் அளவுகோல் முன்வைத்தார். உருகும் பனி 0, மனித உடல் 12. அதே காலத்தில் கோபன்ஹேகனில் வானியலாளர் ஓலே ரோமர் கொதிநீருக்கு 60, உருகும் பனிக்கு ஏழரை என்று வைத்திருந்தார். 1708-இல் அவரைப் போய்ப் பார்த்தார் தான்சிக் நகரத்தில் பிறந்த இளைஞர் டேனியல் காப்ரியேல் பாரன்ஹீட். ரோமரின் பின்னங்கள் கருவி செய்கிறவருக்கு வசதிப்படாது. நான்கால் பெருக்கிப் பின்னத்தைப் போக்கி, பிறகு சற்றுத் திருத்தி, உறைநிலைக்கு 32, உடல் சூட்டுக்கு 96 என்று முடிவு செய்தார். இடையில் 64 பிரிவுகள். பாதி, பாதியில் பாதி என்று ஆறு முறை பிரித்தால் 64 கிடைத்துவிடும். கண்ணாடியில் கோடு கீறுகிறவருக்கு இதைவிட எளிது வேறில்லை. பனி, நீர், நவச்சார உப்பு கலந்த கலவையின் குளிர்ச்சிக்கு 0. இந்த விவரங்களை 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

பாரன்ஹீட்டை இன்று பலர் தாறுமாறான அளவுகோல் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கருவி செய்கிறவரின் சிக்கலுக்கு அவர் கண்ட விடை அது. பாதரசத்தை நம்பகமான வெப்பமானியாக்கி, அவர் செய்த இரண்டு கருவிகளை அருகருகே வைத்தால் ஒரே எண்ணைக் காட்டும் என்ற நிலைக்குக் கொண்டுவந்தது பெரிய சாதனை. அது இல்லாமல் மாற்றும் கணக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. அவர் 1736-இல் இறந்தார். பிறகு ஆங்கில அறிவியலாளர் கேவண்டிஷ் தலைமையிலான ராயல் சொசைட்டி குழு 1777-இல் கொதிநிலையை 212 என்று நிலைநிறுத்தும் முறையை வகுத்தது. 32 முதல் 212 வரை 180 பிரிவுகள். செல்சியஸில் அதே தூரம் 100. ஒன்பதுக்கு ஐந்து என்ற விகிதம் இந்த 180-க்கு 100-இலிருந்து வருகிறது. உடல் சூடு 96-இலிருந்து நகர்ந்து 98-ஐத் தாண்டியதும் இந்த மறுசீரமைப்பின் விளைவுதான்.

மனக்கணக்காக மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. கழித்தல் 40 டிகிரியில் இரண்டு அளவுகோல்களும் ஒரே எண்ணைக் காட்டும். ஆகவே எந்தப் பக்கம் மாற்றினாலும் முதலில் 40-ஐக் கூட்டுங்கள். செல்சியஸாக இருந்தால் 1.8-ஆல் பெருக்குங்கள், பாரன்ஹீட்டாக இருந்தால் 1.8-ஆல் வகுங்கள். கடைசியில் 40-ஐக் கழித்துவிடுங்கள். 37-உடன் 40 சேர்ந்து 77, 1.8-ஆல் பெருக்க 138.6, 40 போக 98.6. 104-உடன் 40 சேர்ந்து 144, 1.8-ஆல் வகுக்க 80. 40 போக 40. முதலில் கூட்டுவதா, முதலில் பெருக்குவதா என்ற குழப்பம் இதில் வராது.

ஸ்வீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தன் நூறு பிரிவு அளவை வெளியிட்டபோது கொதிநீர் 0, உறைநிலை 100. குளிர் கூடக் கூட எண் ஏறும். 1744-இல் அவர் காலமான சில ஆண்டுகளுக்குள் உப்சாலாவிலேயே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்டின் என்பவர் 1743-இலேயே நேரான நூறு பிரிவு அளவைத் தனியாக அமைத்திருந்தார். செல்சியஸின் பெரும்பங்கு திசையில் இல்லை. உறைநிலை காற்றழுத்தத்தால் அசையாது, கொதிநிலை அசையும் என்று அளந்து காட்டியதில் இருக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. கொதிநீரை வைத்து அங்கே ஒருவர் 100 என்று குறித்துக் கொண்டுவரும் வெப்பமானியை எந்தச் சூத்திரத்தாலும் பாரன்ஹீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அழுத்தம் என்ன என்று முதலில் கேட்டாக வேண்டும்.

ஐரோப்பாவில் நீண்ட காலம் ஆட்சி செய்த இன்னொரு அளவு ரியோமூர்: பனிக்கு 0, கொதிநீருக்கு 80. செல்சியஸாக்க ஐந்தால் பெருக்கி நான்கால் வகுக்கலாம். 19-ஆம் நூற்றாண்டு ரஷ்யாவில் இதுவே புழக்கம். மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்த பழைய ரஷ்ய நாவல்களை விரும்பிப் படித்தவர்கள் அதில் வரும் ‘இருபது டிகிரி குளிரை’ 25 என்று எடுத்துக்கொள்வது பொருத்தம். நெப்போலியனின் 1812 மாஸ்கோ படையெடுப்பை 1869-இல் ஷார்ல் மினார் ஒரே தாளில் வரைந்தார். அடியில் பின்வாங்கும் படையின் வழிநெடுக வெப்பநிலை குறித்திருக்கிறார். டிசம்பர் 6 அன்று கழித்தல் 30. அது ரியோமூர். செல்சியஸில் கழித்தல் 37.5. அந்தப் படத்தை எடுத்துப் போடுகிறவர்கள் கழித்தல் 30 செல்சியஸ் என்று எழுதிவிட்டால், அந்த வீரர்கள் பட்ட குளிரில் ஏழரை டிகிரியைக் குறைத்துவிடுகிறார்கள்.

ரியோமூரில் இன்னும் ஆழமான சிக்கல் ஒன்று இருக்கிறது. 1730 வாக்கில் இந்த அளவை அமைத்த ரியோமூர் பயன்படுத்தியது சாராயக் கலவை. பின்னால் டெலுக் போன்ற அறிவியலாளர்கள் செய்த ‘ரியோமூர்’ வெப்பமானிகள் பாதரசத்தால் ஆனவை. 0-இலும் 80-இலும் இரண்டும் ஒத்துப்போகும்படி அமைத்தாலும், நடுவில் ஒத்துப்போகாது. சூடேற ஏற சாராயம் விரியும் விதம் வேறு, பாதரசம் விரியும் விதம் வேறு. பழைய ஏட்டில் வெறும் எண்ணும் ரியோமூர் என்ற பெயரும் இருந்தால், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கை நம்பிவிட முடியாது. எந்தத் திரவம், யார் செய்த கருவி என்பது தெரிய வேண்டும். பாதரசத்துக்கும் எல்லை உண்டு: கழித்தல் 38.83 செல்சியஸில் அது உறைந்து கெட்டியாகிவிடும், உறையும்போது சட்டென்று சுருங்கும். 1730-களில் சைபீரியாவின் யெனிசெய்ஸ்க் நகரத்தில் ஆய்வுப் பயணி கிமெலின் கழித்தல் 120 பாரன்ஹீட் என்று பதிவு செய்தார். சூத்திரத்தில் போட்டால் கழித்தல் 84 செல்சியஸ் என்று அழகாக விடை வரும். ஆனால் அவர் குழாயில் இறங்கிக்கொண்டிருந்தது குளிரின் அளவு அல்ல, உறையும் பாதரசத்தின் சுருக்கம்.

இனி காய்ச்சல். நம் வீடுகளில் பாரன்ஹீட் இன்னும் உயிரோடு இருக்கும் இடம் இது. வெளியே 38 டிகிரி என்று கைபேசி செல்சியஸில் சொல்கிறது. பிள்ளைக்குச் சூடு ‘நூத்தி ஒண்ணு’ என்று அம்மா பாரன்ஹீட்டில் சொல்கிறார். மருத்துவரும் அதே அளவில் கேட்டுக்கொள்கிறார். புழக்கத்தில் இருக்கும்வரை அதில் தவறேதும் இல்லை. தவறு முழு எண்ணாக்குவதில் வருகிறது. 100 பாரன்ஹீட் 37.8 செல்சியஸ், முழு எண்ணாக்கினால் 38. 101 பாரன்ஹீட் 38.3, அதுவும் 38. இரண்டும் திரும்பி வரும்போது 100.4 ஆகிவிடும். காலையில் நூறாக இருந்தது மாலையில் நூற்றியொன்று ஆனது என்ற செய்தி வழியிலேயே காணாமல் போகிறது. பாரன்ஹீட்டின் ஒரு டிகிரி செல்சியஸின் 0.56 மட்டுமே என்பதால், முழு பாரன்ஹீட்டை முழு செல்சியஸாக மாற்றும் ஒவ்வொரு முறையும் தகவல் இழப்பு உண்டு. புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் வைத்துக்கொண்டால் இழப்பு வராது.

இதற்கு மறுபுறம், இல்லாத நுட்பத்தை உண்டாக்கும் மாற்றமும் இருக்கிறது. ஜெர்மன் மருத்துவர் கார்ல் வுண்டர்லிஷ் ஆயிரக்கணக்கான நோயாளிகளை அளந்து, 1868-இல் வெளியிட்ட நூலில் உடலின் சராசரி வெப்பத்தை 37 என்றார். ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும் ஒன்றுக்கு அவர் தந்த முழு எண் அது. பாரன்ஹீட்டுக்குப் போனதும் அது 98.6 ஆயிற்று. அந்தப் பத்தில் ஒரு பங்கு டிகிரியை யாரும் அளந்து கண்டுபிடிக்கவில்லை. பெருக்கல் வாய்ப்பாடு தந்த இலக்கம். பிரிட்டன் வழி வந்த வெப்பமானிகளில் அம்புக்குறி 98.4-இல் இருந்தது, நம் ஊரில் ‘நார்மல் 98.4’ என்று சொல்வது அதனால்தான். 1992-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஃபிலிப் மக்கோவியாக் குழுவினர் 148 ஆரோக்கியமானவர்களை அளந்தபோது சராசரி 98.2, அதாவது 36.8 என்று கண்டார்கள். கொரோனா காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் நெற்றிக்கு நேரே வெப்பமானி நீட்டியபோது 98.7 என்று பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. 36.8-க்கு 98.2 என்று எழுதுவது முறை. ‘சுமார் 37’ என்பதை ‘சுமார் 98 அல்லது 99’ என்று எழுதுவதுதான் நேர்மை. மூலத்தில் எவ்வளவு நுட்பம் இருந்ததோ அவ்வளவே மாற்றிய எண்ணிலும் இருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் முழு எண்ணாக்குவது என்பதும் சில இடங்களில் உயிர்ப் பிரச்சினை. பாலைப் பதப்படுத்தும் ஒரு முறையில் 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைக்க வேண்டும். அமெரிக்க விதி 161 பாரன்ஹீட் என்கிறது. 72-ஐ மாற்றினால் 161.6; 161-ஐ மாற்றினால் 71.7. ஒரு நாட்டு விதியை இன்னொரு நாட்டுக் கருவியில் பதிக்கும்போது கீழ்ப்பக்கம் முழு எண்ணாக்கினால் கிருமிக்குச் சலுகை கொடுத்ததாகும். தடுப்பூசிக் குளிர்பெட்டிக்கு 2 முதல் 8 செல்சியஸ், பாரன்ஹீட்டில் 35.6 முதல் 46.4. நடைமுறையில் 36 முதல் 46 என்று எழுதுகிறார்கள். கீழ் எல்லை மேலே ஏறுகிறது, மேல் எல்லை கீழே இறங்குகிறது. இரண்டும் வரம்புக்கு உள்ளேயே நிற்கின்றன. அப்படித்தான் நிற்க வேண்டும். கேக் சுடும்போது இந்தக் கண்டிப்பு தேவையில்லை. அமெரிக்கச் சமையல் குறிப்பின் 350 பாரன்ஹீட் 176.7 செல்சியஸ், எல்லோரும் 180 வைக்கிறார்கள், கேக் நன்றாகவே வருகிறது. வீட்டு அடுப்பின் வெப்பமே அதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

இதுவரை பேசிய எல்லா அளவுகளிலும் பூஜ்ஜியம் என்பது நாம் வைத்த கோடு. ஆகவே 40 டிகிரி 20 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு என்று சொல்வதில் பொருளில்லை. பாரன்ஹீட்டில் அவை 104, 68. இரண்டு மடங்கு எங்கேயோ போய்விட்டது. இயல்பைவிட வெப்பம் ‘பத்து சதவீதம் அதிகம்’ என்று எழுதுவதும் இதே பிழை. வாயுக்கள் ஒவ்வொரு டிகிரிக்கும் 0 டிகிரியில் உள்ள கன அளவில் ஏறக்குறைய 273-இல் ஒரு பங்கு விரிகின்றன என்பதிலிருந்து, எல்லாக் குளிருக்கும் ஓர் அடித்தளம் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. 1848-இல் வில்லியம் தாம்சன், பிற்காலத்தின் கெல்வின் பிரபு, எந்தத் திரவத்தையும் வாயுவையும் சாராத அளவுகோல் ஒன்றை வெப்ப இயந்திரத்தின் கொள்கையிலிருந்து முன்வைத்தார். சாராயமா பாதரசமா என்ற பழைய வழக்கு கொள்கை அளவில் அங்கேதான் தீர்ந்தது. கெல்வினில் 20 டிகிரி 293.15, 40 டிகிரி 313.15, உண்மையான கூடுதல் ஏழு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. பாரன்ஹீட் டிகிரியைக் கொண்டே அந்த அடித்தளமான தனிச்சுழியிலிருந்து எண்ணும் ரேங்கின் அளவை அமெரிக்கப் பொறியாளர்கள் சிலர் இன்றும் கையாள்கிறார்கள், பாரன்ஹீட்டுடன் 459.67 கூட்டினால் அது. கெல்வின் நம் தெருவுக்கும் வந்துவிட்டது: எல்இடி பல்பு அட்டையில் உள்ள 6500 கே என்பது வெப்பநிலைதான், அத்தனை சூடான கரும்பொருள் வீசும் ஒளியின் நிறம்.

பள்ளியில் படித்த வரையறை, உறைநிலை 0 கொதிநிலை 100 என்பது, இப்போது வரையறை அல்ல. 1954-இல் பனி, நீர், நீராவி மூன்றும் சேர்ந்திருக்கும் மும்மைப் புள்ளியை 273.16 கெல்வின் என்று வைத்தார்கள். 2019 மே 20 முதல் அதையும் விட்டுவிட்டு, போல்ட்ஸ்மேன் மாறிலியின் மதிப்பை நிலைநிறுத்திக் கெல்வினை வரையறுக்கிறார்கள். செல்சியஸ் என்பது கெல்வினிலிருந்து 273.15 கழித்தது, அவ்வளவுதான். இதன் விளைவு பலருக்கு வியப்பாக இருக்கும்: இன்றைய கணக்கில் கடல்மட்ட அழுத்தத்தில் சுத்தமான நீர் 99.974 டிகிரியில் கொதிக்கிறது.

இதனால் செல்சியஸிலிருந்து செல்சியஸுக்கே மாற்ற வேண்டிய நிலையும் வந்திருக்கிறது. நடைமுறையில் கருவிகளைச் சரிபார்க்க உலகம் 1968-இல் ஓர் ஏற்பாட்டையும் 1990-இல் திருத்திய ஏற்பாட்டையும் பின்பற்றியது. 1968 அளவில் 100 என்று இருந்தது 1990 அளவில் 99.974. கடல்நீரின் மின்கடத்து திறனிலிருந்து உப்புத்தன்மையைக் கணக்கிடும் 1978-ஆம் ஆண்டுச் சூத்திரம் பழைய அளவில் எழுதப்பட்டது. இன்றைய வெப்பமானிகள் புதிய அளவில் படிக்கின்றன. எனவே வங்கக் கடலிலோ வேறெங்கோ இறக்கிய கருவியின் செல்சியஸ் எண்ணை 1.00024-ஆல் பெருக்கிய பிறகே அந்தச் சூத்திரத்தில் போட வேண்டும். 30 டிகிரி நீரில் வித்தியாசம் 0.007 டிகிரி. ஆயிரத்தில் ஒரு டிகிரி வரை பிரித்துக் காட்டும் கருவிகளோடு கடலுக்குப் போகிறவர்கள், 1990-க்கு முன் எடுத்த பதிவையும் பின் எடுத்த பதிவையும் பக்கத்தில் வைக்கும்போது இதை விட்டுவிட்டால், கடலில் நடக்காத ஒரு மாறுதலைக் கண்டதாக எழுதிவிடுவார்கள்.